தெனேர்: ஸ்பானிஷில் முதலில் பிடிக்க வேண்டிய வினை

ஸ்பானிஷில் ‘தெனேர்’ இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. பணம் இருக்கிறது, தம்பி இருக்கிறான் எல்லாமே இதில்தான், வயதும் பசியும்கூட இதில்தான்: ‘தெங்கோ ஆம்ப்ரே’ என்றால் எனக்குப் பசிக்கிறது, ‘தெங்கோ வெயின்தே ஆன்யோஸ்’ என்றால் எனக்கு 20 வயது.

நிகழ்காலம் இப்படி: நான் தெங்கோ, நீ தியெனெஸ், அவர் தியெனே, நாங்கள் தெனேமோஸ், அவர்கள் தியெனென். பலரைப் பார்த்து ‘உங்களிடம் இருக்கிறது’ என்று சொல்ல ஸ்பெயினில் தெனெய்ஸ் உண்டு, லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் தியெனென்தான், அதனால் மெக்சிகோ போகிறவர்கள் தெனெய்ஸை இப்போதைக்கு விட்டுவிடலாம். தெங்கோ தனி ரகம். மற்றவற்றில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் ‘தெ’, ‘தியெ’ ஆகும். தெனேமோஸில் அழுத்தம் தள்ளிப் போவதால் மாறாது.

இறந்தகாலம்தான் கொஞ்சம் படுத்தும்: துவே, துவிஸ்தே, துவோ, துவிமோஸ், துவியேரோன். அட்டவணையாக ஒப்பிக்காமல் ‘நேற்று எனக்கு வகுப்பு இருந்தது’ மாதிரி சொந்த வாக்கியத்தில் போடுங்கள்: ‘அயேர் துவே கிளாசே’.

அப்புறம், ‘தெங்கோ கே’ போட்டு எந்த வினையின் மூல வடிவத்தையும் சேர்த்தால் கட்டாயம் வந்துவிடும்: ‘தெங்கோ கே கோமேர்’, நான் சாப்பிட்டாக வேண்டும். மந்தெனேர் (பராமரி), ஒப்தெனேர் (பெறு) இரண்டும் தெனேர் வழியில்தான் போகும், மந்தெங்கோ, ஒப்தெங்கோ என்று.