சென்னையை நடுவில் வைத்து ஒரு தூர வரைபடம்

உருண்டையைத் தட்டையாக்கினால் எல்லாத் தூரங்களையும் ஒரே தாளில் சரியாகக் காட்டவே முடியாது. 1827-இல் கணித மேதை காஸ் முன்வைத்த தேற்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. ஆனால் ஒரே ஓர் ஊரிலிருந்து கிளம்பும் தூரங்கள் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றால் வழி உண்டு. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று பார்க்க ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) வைத்திருப்பது இந்த வகைப் படம்தான்.

ஏ4 தாள், கவராயம், பாகைமானி, கால்குலேட்டர் போதும். கால்குலேட்டரில் சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். வராவிட்டால் அது ரேடியனில் கிடக்கிறது, பாகைக்கு மாற்றுங்கள்.

1 செ.மீ.க்கு 2,000 கி.மீ. நடுப்புள்ளி சென்னை (13.08 வடக்கு, 80.27 கிழக்கு). அதைச் சுற்றி 1 செ.மீ. இடைவெளியில் 10 வட்டங்கள். நேர் மேலே ஒரு கோடு, அது வடக்கு.

இப்போது லண்டன்: 51.51 வடக்கு, 0.13 மேற்கு. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.177. கோசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனாலும் பெருக்கினால் 0.101. கூட்டினால் 0.278; அது 73.85 பாகையின் கோசைன். பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் சுமார் 8,210 கி.மீ., தாளில் 4.1 செ.மீ.

பலர் சறுக்குவது வித்தியாசத்தில்தான். மேற்கும் தெற்கும் மைனஸ், ஆகவே 80.27-உடன் 0.13-ஐக் கூட்டி 80.40 என்று எடுக்க வேண்டும், கழிக்கக் கூடாது. 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழியுங்கள். அந்த ஊர் அப்போது கிழக்குப் பக்கம் விழும், ஹவாய் அப்படித்தான்.

திசைக்கு: லண்டன் அட்சரேகையின் சைனிலிருந்து, சென்னை அட்சரேகையின் சைனை 0.278-ஆல் பெருக்கி வந்ததைக் கழியுங்கள். மீதியைச் சென்னை அட்சரேகையின் கோசைனாலும் 73.85-இன் சைனாலும் வகுத்தால் 0.769; அது 39.7 பாகையின் கோசைன். லண்டன் மேற்கே இருப்பதால் வடக்குக் கோட்டுக்கு இடப்பக்கம் வையுங்கள். பென்சில் கோட்டின் தடிமன் அரை மி.மீ. என்றாலே 100 கி.மீ. என்பதால் ஒரு தசம இடத்துக்கு மேல் அலட்ட வேண்டாம்.

நடுப்புள்ளியைத் தொடாத அளவை எதையும் நம்பாதீர்கள். இதே படத்தில் லண்டன்–நியூயார்க் அளந்தால் சுமார் 6,120 கி.மீ. காட்டும், உண்மையில் 5,570தான். விளிம்பில் நிலைமை இன்னும் மோசம்: சென்னைக்கு நேர் எதிரே பசிபிக்கில் இருக்கும் ஒற்றைப் புள்ளி, 63 செ.மீ. சுற்றளவுள்ள வட்டமாக விரிந்துவிடுகிறது.

ஓரத்தில் 5 செ.மீ. கோடு போட்டு ‘10,000 கி.மீ.’ என்று எழுதிவையுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது படம் சுருங்கினால் ‘1 செ.மீ. = 2,000’ என்ற எழுத்து பொய்யாகும்; கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.