காரணம் இல்லாத ஓட்டம்: பந்தயத்துக்குப் பேர் கொடுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்ளும் ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் சாமி 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார், 2021-ல் பாலாறு கரை புரண்டு ஓடியதையும் எல்லாரும் வேடிக்கை பார்த்தோம், அதனால் பட்டியலில் இரண்டு இடம் காலி. ஒன்றில் "காரணம் இல்லாத ஓட்டம்" என்று எழுதிவிடலாம் என்பது என் யோசனை. ஜனவரியில் சென்னை மாரத்தான் வருகிறது என்றால் ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலை கோட்டைப் பக்கம் புது ஷூக்களாகத் தெரியும். பொங்கல் முடிந்ததும் பழைய ஆட்கள் மட்டும் நடந்துகொண்டிருப்பார்கள்.

நானும் அந்தப் புது ஷூ கோஷ்டிதான். ஆம்பூரில் ஒரு கல்யாணம், பந்தியில் இரண்டாம் முறை பிரியாணி வாங்கும்போது மச்சான் என் தொப்பையைப் பார்த்து, "மாப்ள, உங்களால அரை கிலோமீட்டராவது ஓட முடியுமா?" என்று கேட்டுவிட்டார். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் போனை எடுத்து 21 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்தேன். பந்தயத்துக்கு ஒன்பது வாரம்தான் இருந்தது. முதல் இரண்டு வாரம் அந்த ரோஷம் என்னை எழுப்பியது, மூன்றாவது வாரம் அலாரம் மட்டும் எழுந்தது. பந்தயத்தன்று 14-வது கிலோமீட்டரில் முட்டியின் வெளிப்பக்கம் கத்தி வைத்தாற்போல ஒரு வலி, மிச்சத்தை நொண்டியே கடந்தேன். யாருக்குக் காட்ட ஓடினேனோ அவர் அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதல் தவறு இதுதான், வீம்புக்குப் பேர் கொடுப்பது. ரோஷம் பணம் கட்ட வைக்கும், நாலரை மணிக்குப் படுக்கையை விட்டு எழுப்பாது. ஆபீஸில் பத்துப் பேர் சேர்கிறார்கள், நாமும் சேருவோம் என்பதும் இதே ரகம். பத்துப் பேரில் நாலு பேர் கழன்றதும் நமக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

அடுத்தது நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு கணக்கு. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில 14 கிலோமீட்டர் செருப்பில்லாம சுத்துறேன், 21 என்ன, இன்னும் ஏழுதானே?" கிரிவலம் லேசுப்பட்டதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நடை, நடுவில் டீ உண்டு, உட்கார்ந்து கொள்ளலாம். ஓட்டத்தில் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, உடம்பின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒவ்வொரு அடிக்கும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். "இப்பல்லாம் மூச்சே வாங்கல, தூரத்தைக் கூட்டலாம்" என்று தோன்றும் அந்த வாரத்தில்தான் முட்டியோ குதிகாலோ போகும். 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓட வருகிறவர் இரண்டு மூன்று மாதம் எடுத்து 10-க்குப் போகட்டும், அதற்கப்புறம் இன்னொரு மூன்று நாலு மாதத்தில் 21. 42.195 கிலோமீட்டர் என்கிற முழு மாரத்தானுக்கு ஒரு வருஷமாவது தள்ளிப் பேர் கொடுப்பது நல்லது.

எடை குறையணும் என்பதை மட்டும் குறிக்கோளாக வைத்துக்கொள்வதும் ஏமாற்றம்தான். 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினால் தோராயமாக 70 கலோரி செலவாகும். 10 கிலோமீட்டருக்கு 700. ஒரு பிளேட் பிரியாணியும் ரெண்டு ஆற்காடு மக்கன் பேடாவும் அதை உட்கார்ந்த இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு மாதம் கழித்து எடை மெஷின் அசையவில்லை என்றால் ஓட்டத்தின் மேல் கோபம் வரும், பேடா மேல் வராது. சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நெஞ்சு இறுக்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

டைமிங் பைத்தியம் தனி. ஜனவரிக் குளிரில் கிடைத்த வேகத்தைக் கத்திரி வெயிலிலும் கேட்பார்கள். வேலூர் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர், விடிகாலையில்கூட மலைப் பாறை சூடு விட்டிருக்காது. உடம்பு வெயிலுக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடினால் போதும். வெயிலுக்குப் பயந்து லிட்டர் லிட்டராகத் தண்ணி குடிப்பதும் ஆபத்து என்று பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் என்கிற உப்புச் சத்து குறைந்திருந்தது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகமாக இருந்தது, அதாவது அளவுக்கு மீறிக் குடித்தவர்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

அப்புறம், ஃபௌஜா சிங் பேரைச் சொல்லாத ஆள் கிடையாது. "89 வயசுல லண்டன் மாரத்தான் ஓடினார், 2011-ல டொரண்டோவுல நூறு வயசுல முடிச்சார், உனக்கென்ன கேடு?" அவர் ஏன் ஓடினார் என்பதை யாரும் கேட்பதில்லை. மனைவியையும், பிறகு மகனையும் பறிகொடுத்த துக்கத்தில் இருந்தவர் அவர். ஓட்டம்தான் அவரைத் திரும்ப நிற்க வைத்தது. அவருடைய காரணம் அவருடையது. அதைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து நம் சுவரில் போஸ்டராக ஒட்டினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

பேர் கொடுக்கும் முன் நான் இப்போது ஒன்று செய்கிறேன். மெடல் இல்லை, போட்டோ இல்லை, யாரிடமும் சொல்லக் கூடாது என்றால் அப்போதும் ஓடுவேனா? முட்டி தேறிய பிறகு இதைக் கேட்டுக்கொண்டபோது 21-க்கு "இல்லை" என்றுதான் பதில் வந்தது. காலையில் யாரும் போன் பண்ணாத ஒரு முக்கால் மணி நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது, அதற்கு 10 கிலோமீட்டர் பந்தயம் தாராளம். பெரிய லட்சியம் ஒன்றும் இல்லை, ஆனால் தெருநாய்களைத் தாண்டி என்னைக் கிளப்பிவிடுகிறது.

போன வாரம் மச்சான் போன் பண்ணினார். ஜனவரிக்கு 21-க்குப் பேர் கொடுத்துவிட்டாராம், ஷூகூட வாங்கியாச்சாம். எதுக்கு மச்சான் திடீர்னு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஆபீஸ்ல ஒருத்தன் ஏதோ சொல்லிட்டான் மாப்ள."