நெல் தூசியும் ஹைப்ரிட் பேட்டரியும்: இரண்டு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு நானே செய்யும் வேலைகள்

போன குறுவை அறுவடை சமயம். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் முன்னால் போன டிராக்டர் கிளப்பிய தூசிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டில் ஹைப்ரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி 2014 டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். அன்றைக்கு ஓட்டம் 2,12,000 கிலோமீட்டர்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "பெரிய பேட்டரி போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகைக்குப் பழைய ஆல்டோ ஒன்று வாங்கிவிடலாம். கடைசியில் பார்த்தால் பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, மூச்சுதான் அடைத்திருந்தது. சர்வீஸ் புத்தகத்தை எழுதியவர்களுக்கு ரோட்டில் நெல் காயும் ஊர் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் புத்தகத்துக்கு மேல் நான் செய்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் இதில் எதிலும் கை வைக்காதீர்கள்.

1. முதலில் நாடி பார்க்க வேண்டும்

ஓபிடி புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்குங்கள், வண்டியின் கம்ப்யூட்டர் அளவுகளைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி. இருப்பதிலேயே மலிவானது வேண்டாம். நான் முதலில் வாங்கியது பாதி அளவுகளைக் காட்டவே இல்லை. செயலிகளில் ஹைப்ரிட் அசிஸ்டென்ட், டாக்டர் பிரியஸ் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். எனக்கு இரண்டாவதுதான் வசதி.

என் வண்டியின் நிக்கல் பேட்டரியில் 34 மாட்யூல்கள், மொத்தம் 244.8 வோல்ட். செயலி இரண்டிரண்டாகச் சேர்த்து 17 பிளாக்குகளாகக் காட்டும். யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் திரையைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 17-ம் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறினால் பேட்டரி நலம். ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தனியாகத் தொங்கினால் சந்தேகப்படலாம். பி0ஏ80 என்ற பேட்டரிப் பழுதுக் கோடும் கூடவே வந்தால் ஹைப்ரிட் தெரிந்த ஆளிடம் காட்டுவதே சரி.

என் வண்டியில் 17-ம் ஒற்றுமையாக இருந்தன. ஆனால் ஏசி 26-ல் ஓட, பேட்டரி சூடு 51 டிகிரி. அங்கேதான் பொறி தட்டியது.

2. பேட்டரி ஃபேன்

இந்த பேட்டரி, காருக்குள் இருக்கும் காற்றை ஒரு சின்ன ஃபேன் மூலம் இழுத்துத்தான் குளிர்கிறது. பின் சீட்டை ஒட்டி அதற்கு ஒரு துவாரம் உண்டு. இடம் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பாருங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு அறுவடைத் தூசியில் போனால் தூசி போய்ச் சேரும் இடம் அந்தத் துவாரம்தான். கல்யாணத்துக்குப் போகும்போது பின்னால் அடுக்கும் பட்டுப்புடவைப் பையும் அதைத்தான் அடைக்கும்.

முதல் தடவை துவாரத்தின் ஜாலியை வேக்குவம் போட்டு உறிஞ்சிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிட்டேன். இரண்டு வாரத்தில் அதே விளக்கு. அழுக்கு ஜாலியில் இல்லை, உள்ளே ஃபேன் சக்கரத்தில் இருந்தது. அதைக் கழற்றியே ஆக வேண்டும்.

அதற்கு முன்னால், விளையாட்டில்லாத பகுதி. வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். டிக்கியில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 1000 வோல்ட் தாங்கும், கிளாஸ் 0 என்று முத்திரை உள்ள ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவி, உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. பிளக்கை எடுத்த பிறகும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கும், அதன் மூடியைத் திறக்கவே கூடாது. கையுறை இல்லையா? இந்த வேலையும் இல்லை.

சீட், ஓரத்து லைனிங், காற்றுக்குழாய் என்று வரிசையாகக் கழற்றினால் ஃபேன் வரும். பழைய பிளாஸ்டிக் கிளிப், அவசரப்பட்டால் உடையும். நான் இரண்டு உடைத்தேன். கூண்டு மாதிரிச் சக்கரம், சுற்றிலும் மெல்லிய இறக்கைகள். என்னுடையதில் இறக்கைகளுக்கு நடுவே இடைவெளியே தெரியவில்லை. தவிட்டு நிறத்தில் பஞ்சு, நடுநடுவே வைக்கோல் துணுக்கு, ஒரு முழு நெல். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "முளைக்காமப் போச்சே" என்றாள்.

ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ் போதும். தண்ணீர், பெட்ரோல், ஸ்பிரே எதுவும் வேண்டாம். கம்ப்ரசர் காற்று அடித்தால் சக்கரத்தை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் மோட்டார் கெடும்.

இனி நான் வழுக்கி விழுந்த இடம். எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன, வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' மட்டும் வரவில்லை. மறுபடி கழற்றினேன், கனெக்டர்களை அழுத்திப் பார்த்தேன், ஃபியூஸ் பார்த்தேன். இரண்டு மணி நேரம் போனது. ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதே சரியோ என்ற பயம் வேறு. கடைசியில் குற்றவாளி அந்த ஆரஞ்சு பிளக். அதைச் செருகி, கைப்பிடியை மடக்கினால் மாட்டிக்கொண்ட மாதிரியே தெரியும். ஆனால் மூன்றாவதாக ஒரு அசைவு இருக்கிறது: கைப்பிடியை நகர்த்தி, 'டக்' என்று பூட்ட வேண்டும். அந்த 'டக்' கேட்காதவரை வண்டி ரெடிக்கு வராது. கழற்றும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், எந்த அசைவு எந்தப் பக்கம் என்று குழம்பாது.

பிறகு செயலியில் ஃபேன் வேகத்தை 1 முதல் 6 வரை வைத்து ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். மறுநாள் தஞ்சாவூர் போய்த் திரும்பியபோது சூடு 38-ஐத் தாண்டவில்லை. இப்போது குறுவை முடிந்ததும் ஒரு தடவை, சம்பா முடிந்ததும் ஒரு தடவை சுத்தம் செய்கிறேன்.

3. டிரான்ஸ்ஆக்சில் ஆயில்

டிரான்ஸ்ஆக்சில் என்பது ஹைப்ரிடின் கியர்பாக்ஸ். இதன் ஆயில் ஆயுள் முழுக்கத் தாங்கும் என்பார்கள். யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை. நான் 80,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன், டொயோட்டாவின் டபிள்யூஎஸ் ரகம் மட்டும். முதல் தடவை வடித்தது கும்பகோணம் டிகிரி காபிக் கடை டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

ஒரே விதி: ஊற்றும் போல்ட்டை முதலில் திறங்கள், வடிக்கும் போல்ட்டை அப்புறம். மேல் போல்ட் இறுகிப்போய்த் திறக்காவிட்டால், வடித்துவிட்ட வண்டியை நகர்த்தவே முடியாது. சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துவாரத்தின் விளிம்பில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி. வாஷர் புதிது போடுங்கள்.

4. இன்வெர்ட்டர் கூலன்ட்

இன்ஜினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு கூலன்ட் தொட்டிகள். இன்வெர்ட்டர் தொட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரெடியில் வைத்து அதற்குள் டார்ச் அடித்தால் திரவம் கலங்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் பம்ப்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பு கூலன்ட்டோடு பச்சையைக் கலக்காதீர்கள்.

5. பிரேக்

ஹைப்ரிடில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்வதால் பேட் தேயாது. தேயாததுதான் பிரச்சினை. பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பின்கள் வேலையில்லாமல் இறுகிவிடும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்று வேறு. வருடம் ஒரு முறை கழற்றி, துடைத்து, பிரேக் கிரீஸ் போடுங்கள். கவனம்: டிரைவர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக ஓடும். காலிப்பர் கழன்று கிடக்கும்போது ஓடினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். 12 வோல்ட் நெகட்டிவை முதலில் கழற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, வண்டி பத்து நாள் நின்றது, இப்போது ரெடி வரவில்லை, ஹைப்ரிட் பேட்டரி போய்விட்டதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் இறங்கியிருக்கும். மாற்றும்போது ஏஜிஎம் என்ற மூடிய ரகம் வாங்கி, வாயு வெளியேறும் குழாயை மறக்காமல் மாட்டுங்கள். டிக்கிக்குள் சாதாரண பேட்டரி வைக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி நண்பர் ஒருவர் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அறுவடை முடிந்ததும் வயல் எலி பானெட்டுக்குள் குடிவந்துவிட்டது. ஒயரைக் கடித்திருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்கலாமா என்கிறார். சாதாரண ஒயர் என்றால் எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார். ஆரஞ்சு நிற கேபிளில் பல் பட்டிருந்தால் டேப்பும் வேண்டாம், ஸ்டார்ட்டும் வேண்டாம். பானெட்டை மூடிவிட்டு லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.