வெயில் தொப்பியை ஒப்பிட்டு வாங்குவது எப்படி? நோன் லா, பனாமா, ஜாப்பி

தேவையானவை: தையல் டேப் ஒன்று, வெயில் அடிக்கும் மொட்டைமாடி ஒன்று. கண்ணாடி வேண்டாம், அது அழகைத்தான் காட்டும்.

படி 1: தலையளவு
காதுக்குச் சற்று மேலே, நெற்றியின் நடுவாக டேப்பைச் சுற்றுங்கள். பனாமாவுக்கு இந்த அளவு கறாராக வேண்டும். வியட்நாமின் கூம்புத் தொப்பியான நோன் லா தலையைக் கவ்வாது, தாடைக்குக் கீழே கட்டும் துணி நாடாவில் நிற்கும். இடையில் காற்றும் ஓடும்.

படி 2: விளிம்பு
பெரியவர்களுக்குக் குறைந்தது 7.5 செ.மீ. விளிம்பு வேண்டும் என்கிறது ஆஸ்திரேலியப் புற்றுநோய் கவுன்சில். உச்சி வெயிலுக்கு அது போதும். சாயங்காலம் சூரியன் 45 பாகைக்கு இறங்கியதும் அதை எதிர்கொண்டு நின்று பாருங்கள். தட்டையான விளிம்பு எவ்வளவு அகலமோ, நிழலும் அவ்வளவுதான் இறங்கும். 7.5 செ.மீ. என்றால் தாடை வெயிலில்தான். நோன் லா, அசாமின் ஜாப்பி இரண்டும் கீழ்நோக்கிச் சரிவதால் இங்கே ஜெயிக்கின்றன.

படி 3: வெளிச்சச் சோதனை
தொப்பியைச் சூரியன் பக்கம் தூக்கிப் பிடித்து, உள்பக்கத்தைப் பாருங்கள் (சூரியனையே பார்த்துவிடாதீர்கள்). புள்ளி புள்ளியாக ஒளி வந்தால் வெயிலும் வரும். பனாமா உண்மையில் ஈக்வடார் சரக்கு. பனாமா வழியாக உலகுக்குப் போனதால் வந்த பெயர் அது. டோக்கிலா நாரில் பின்னுவார்கள். மொன்டெகிறிஸ்தி ஊரின் நயமான பின்னலில் இடைவெளி தேடித்தான் பார்க்க வேண்டும், மலிவு ரகத்தில் தேடவே வேண்டாம்.

ஹுவே நகரத்து நோன் லாவில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு ஓலை அடுக்குக்கு நடுவே கவிதையை வைத்திருப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்தால்தான் எழுத்து தெரியும். அது ஓட்டை இல்லை, ஓலை மெல்லிசு, அவ்வளவுதான்.

ஜாப்பி மூங்கிலும் டொக்கோ என்கிற பனை இன ஓலையும் சேர்ந்தது. அசாம் விவசாயிகள் மழைக்கும் அதையே போடுகிறார்கள். வண்ணத்துணி வைத்துத் தைத்தது விருந்தாளிக்கு மரியாதை செய்ய. வெயிலுக்குச் சாதா ஜாப்பியைக் கேளுங்கள்.

படி 4: காற்று
தலையை வேகமாக ஆட்டுங்கள். நாடா இல்லாதது பறக்கும்.

என் முடிவு: தோட்ட வேலைக்கு ஜாப்பி, சந்தைக்கு நடக்க நோன் லா. பஸ் பயணத்துக்குப் பனாமா, ஏனென்றால் பக்கத்து சீட்காரர் கண்ணைக் குத்தாது. ஆனால் அதை உச்சியில் கிள்ளித் தூக்காதீர்கள், விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து எடுங்கள். என்னுடையது அந்த மடிப்பில்தான் விரிசல் விட்டது.