பவர் போட்ட கறுப்புக் கண்ணாடி: சைக்கிள்காரருக்கு எது சரிவரும்

வேலணைப் பக்கமிருந்து காலையில் யாழ்ப்பாண நகருக்கு வந்து பின்னேரம் திரும்புகிறவருக்குப் பண்ணைப் பாலத்தில் இரண்டு வேளையும் வெயில் முகத்தில்தான். நகரிலிருந்து தீவுப்பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வேளையும் அது முதுகில். கண்ணாடிக் கடைக்குப் போகமுதல் உங்கள் பாதையையும் நேரத்தையும் ஒருமுறை யோசியுங்கள். மற்றத் தெரிவெல்லாம் அதிலிருந்து வரும்.

முதலில் பவர். சைக்கிளுக்கென்று விற்கும் வளைந்த பிரேம் பக்கத்தால் காற்றும் புழுதியும் வரவிடாது. சோளகக் காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் அந்த வளைவில் (கடையில் 8 பேஸ் என்பார்கள்) உங்கள் பவரை அப்படியே வெட்டிப் போட்டால் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும், வீதி சாய்ந்த மாதிரி இருக்கும், தலையிடிக்கும். லென்ஸ் கண்ணுக்கு நேரே நில்லாமல் சரிந்து நிற்பதால் கண்ணுக்குக் கிடைக்கும் பவரும் சிலிண்டரும் (திசைக்குத் திசை மாறும் பார்வைக் குறையைத் திருத்தும் பவர்) மாறிவிடுகின்றன. பிரேமின் வளைவை அளந்து, அதற்கேற்பப் பவரைத் திருத்தி வெட்டுவிப்பார்களா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வளைவு குறைந்த, முகத்தோடு ஒட்டி நிற்கும் பிரேமை எடுங்கள். மைனஸ் 4க்கு மேல், அல்லது சிலிண்டர் 2க்கு மேல் என்றால் வளைந்த பிரேமை மறந்துவிடலாம். சிறிய கண்வட்டமுள்ள பிரேம்தான் ஓரத் தடிப்பைக் குறைக்கும். உள்ளே தனிப் பவர் லென்ஸ் கொளுவும் வகையும் உண்டு. கூடிய பவருக்கும் சரிவரும், ஆனால் இமைமயிர் முட்டும், வியர்வையில் ஆவி படியும்.

அளவெடுக்கும்போது பிரேமைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் இருக்கும் நிலையிலேயே இருங்கள். குனிந்து ஓட்டுகிறவர் லென்ஸின் மேற்பகுதியால்தான் வீதியைப் பார்ப்பார். கண்மணிக்கு நேரே போடும் புள்ளி அதற்கேற்ப உயரவேண்டும். லுமாலா மாதிரி நிமிர்ந்து உழக்கும் சைக்கிளென்றால் வழமையான அளவே போதும். இரு கண்ணுக்கும் மூக்கின் நடுவிலிருந்து தனித்தனியே தூரம் அளக்கச் சொல்லுங்கள். வெள்ளெழுத்துக்காரருக்குத் தூரப்பார்வை மட்டும் போட்டதே நல்லது. இரட்டைப் பவரில் கீழ்ப்பாதியால் பார்த்தால் முன்சில்லுக்கு முன்னால் இருக்கும் கிடங்கு மங்கலாகும்.

லென்ஸுக்குப் பொலிகார்பனேற் என்ற பிளாஸ்டிக்கைக் கேளுங்கள். கல் தெறித்தாலும் இலகுவில் உடையாது, யூவியையும் (வெயிலின் புற ஊதாக் கதிர்) தானே தடுக்கும். ட்ரைவெக்ஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் கிடைத்தால் இன்னும் தெளிவு. கண்ணாடி லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

இருட்டு நிறம் பாதுகாப்பின் அடையாளமல்ல. யூவி 400 (யூவியைத் தடுக்கும் என்பதற்கான குறி) இல்லாத கறுப்பு லென்ஸ் கண்மணியை விரியவைத்துக் கூடுதல் யூவியை உள்ளே விடும். கடையில் யூவி மீற்றர் இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இருட்டின் அளவு 0 முதல் 4 வரை. எங்கள் பகல் வெயிலுக்கு 8 முதல் 18 வீதம் ஒளியை விடும் 3 போதும். 4 வீதிக்கு உதவாது. நிறத்தில் மண்ணிறமே எங்கள் தெரிவு: பள்ளமும் மணலும் பிரிந்து தெரியும்.

பண்ணை, பொன்னாலைப் பாலங்களில் அடிக்கடி போகிறவருக்குப் போலறைஸ்ட் லென்ஸ் காசுக்குத் தகும், நீரில் தெறிக்கும் கூச்சத்தை அது வெட்டிவிடும். ஒரு குறை, ஈரமான தாரின் மினுக்கமும் சேர்ந்து மறையும். மாரியில் அந்த மினுக்கம்தான் வழுக்கலைக் காட்டிக் கொடுப்பது. கைபேசித் திரை சில கோணங்களில் கறுத்தும் போகலாம். வாங்கமுதல் லென்ஸைத் திரைக்கு முன் பிடித்துச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டால் போலறைஸ்ட்தான்.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ் சூட்டில் முழுதாகக் கறுக்காது, வெளுக்கவும் சில நிமிடம் எடுக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் திரும்புகிறவர் சாதாரணக் கண்ணாடியைப் பையில் வைத்திருக்கவேண்டும். வீதியில் மாடு நிற்கும்.

உப்பும் புழுதியும் படிந்த லென்ஸை உலரத் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு துளி பாத்திரச் சோப்புப் போட்டு, மென்துணியால் உடனே ஒற்றியெடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, தானாகக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் படியும்.