பிரையன் மேயின் கிட்டார் ஒலியை வீட்டிலேயே அமைப்பது எப்படி?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குவீனின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் ஒலி வேண்டும் என்று கேட்டால், கடையில் பெரும்பாலும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலை (ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிக் கருவி) எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அவருடைய அடிப்படை ஒலியில் அந்தப் பெடலே கிடையாது. கிட்டார், ட்ரெபிள் பூஸ்டர் (மேல் ஸ்தாயியைத் தூக்கும் பெடல்), முழுச் சத்தத்தில் திணறும் வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் ஒலிபெருக்கி), இவ்வளவுதான். கரகரப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழின் வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது.

படி 1: கிட்டார்

மேயின் 'ரெட் ஸ்பெஷல்' கடையில் வாங்கியது அல்ல. 1963-இல், பள்ளி மாணவராக இருந்தபோது, மின்னணுப் பொறியாளரான தந்தை ஹெரால்டோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். கழுத்துப் பகுதி ஒரு பழைய கணப்படுப்பைச் சுற்றியிருந்த மஹோகனிச் சட்டம். ஃப்ரெட்போர்டில் (விரல் வைக்கும் பலகை) பதித்த புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ட்ரெமோலோவை (சுருதியை அசைக்கும் கைப்பிடி அமைப்பு) தாங்குபவை மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள். பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்) காசு கொடுத்து வாங்கினார்: மூன்று பர்ன்ஸ் ட்ரை-சோனிக்.

நமக்கு முக்கியம் அந்தப் பிக்கப்புகளின் இணைப்பு. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும்போது அவை பக்க இணைப்பில் இருக்கும், அதனால் ஒலி மெலிந்து கணீரென்று வரும். மேயின் கிட்டாரில் அவை தொடர் இணைப்பு, ஒலி தடித்து, சத்தமும் கூடும். ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனியாக ஆன்-ஆஃப் சுவிட்ச், தனியாக ஃபேஸ் சுவிட்ச் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது). அவர் வழக்கமாக வைத்திருப்பது பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டார் உடலில் ஊன்றும் இடம்), நடு ஆகிய இரண்டு பிக்கப்புகளையும் ஒரே ஃபேஸில்.

உங்களிடம் இருப்பது சாதாரண ஸ்ட்ராட் வகைக் கிட்டாரா? பிரிட்ஜில் ஹம்பக்கர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஹம்பக்கர் என்பதே பொதுவாக இரண்டு சுருள்களைத் தொடராக இணைத்ததுதான், ஆகவே கிட்டத்தட்ட வந்துவிடும். மூன்றும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) என்றால் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வைத்து, டோன் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள். இதற்காகப் புதுக் கிட்டார் வாங்கத் தேவையில்லை.

படி 2: ஆம்ப்

வாக்ஸ் ஏசி30. 30 வாட், நான்கு இஎல்84 வால்வுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். மே அதில் நார்மல் சேனலில் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்துவிடுவார்.

வீட்டில் இதைச் செய்தால் தெருவே திரண்டு வரும். 30 வாட் வால்வு ஆம்ப் முழுச் சத்தத்தில் டிரம்ஸோடு போட்டிபோடக் கூடியது. ஆகவே தொடக்கநிலைக்காரர்களுக்கு மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் ஒலியைப் போலச் செய்வது) அல்லது கணினி மென்பொருளே சரி. அதில் ஏசி30 வகை மாடலைத் தேர்ந்தெடுத்து, கெயினை (கரகரப்பைக் கூட்டும் குமிழ்) பாதி அளவைவிடச் சற்று மேலே வைத்து, சத்தத்தை மாஸ்டர் வால்யூமில் குறைத்துக்கொள்ளுங்கள். 'ஹை கெயின்', 'மெட்டல்' என்று பெயர் வைத்த மாடல்கள் பக்கம் போகவே வேண்டாம்.

சின்ன ஆம்ப்தானே என்று வருத்தமும் வேண்டாம். குவீனின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப் ஒன்றைச் செய்தார். வயலின், ஊதுகருவி மாதிரிக் கேட்கும் கிட்டார் அடுக்குகள் பலவற்றை மே அதில்தான் பதிவுசெய்தார்.

படி 3: ட்ரெபிள் பூஸ்டர்

காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். அயர்லாந்துக் கிட்டார் கலைஞர் ரோரி கேலகரிடம் அவர் ஒலியின் ரகசியத்தை இளம் மே நேரில் கேட்டார். கிடைத்த பதில்: ஏசி30, ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர். மே அந்த வழியிலேயே போனார்.

இந்தப் பெடல் மேல் ஸ்தாயியைத் தூக்கி, அடி ஒலியைக் குறைத்து, ஆம்பை இன்னும் அழுத்தித் தள்ளுகிறது. அடி ஒலி குறைவதால் கரகரப்பு குழம்பாமல் தெளிவாக இருக்கும். இரண்டு விதிகள். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நேராக இதற்குள் போக வேண்டும், மற்ற பெடல்கள் எல்லாம் இதற்குப் பிறகு. அடுத்து, ஆன் செய்தால் செய்ததுதான், பாட்டு நடுவே அணைப்பதில்லை. கொஞ்சம் இரைச்சல் இருக்கும், சகித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வால்யூம் குமிழ்

வாரக்கணக்கில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வால்யூமை 10-இல் வையுங்கள்: நீண்டு பாடும் சோலோ ஒலி. 7-க்கு இறக்குங்கள்: கார்டுகள் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பவை) அடிக்கலாம், ஓரத்தில் மட்டும் கரகரப்பு. 3 அல்லது 4: கிட்டத்தட்டச் சுத்தமான ஒலி, தனித்தனிக் கம்பியாக மீட்டலாம். ஆம்பையும் பெடலையும் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி: ஒரே கார்டை அடித்துக்கொண்டே சுண்டுவிரலால் குமிழை 3-லிருந்து 10-க்கு மெதுவாக ஏற்றி, திரும்ப இறக்குங்கள். கரகரப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று காது கண்டுபிடிக்கட்டும். கிட்டாருக்குக் கிட்டார் அந்த எண் மாறும். 3-இல் வைத்தும் சுத்தமாகவில்லை என்றால் ஆம்ப் கெயின் கூடுதல், குறையுங்கள்.

படி 5: நாணயம்

மே பிளாஸ்டிக் பிக் (கம்பியை மீட்டும் சில்லு) பயன்படுத்துவதில்லை. பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயம். அதன் விளிம்பில் உள்ள வரிகள் கம்பியில் உரசும்போது எழுத்தைத் தெளிவாக உச்சரிக்கிற மாதிரி ஒரு சின்ன 'கிர்ர்' கேட்கும். பிடியைத் தளர்த்தி, கொஞ்சம் சாய்த்து மீட்ட வேண்டும். நம் ஊர் எஃகு நாணயங்களை வைத்து முயலாதீர்கள். ஆறு பென்ஸ் செம்பு-நிக்கல் கலவை, எஃகைவிட மென்மையானது. எஃகு நாணயம் கம்பியைத் தின்றுவிடும்.

படி 6: டிலே

இது கடைசி, அவசரமும் இல்லை. மேடையில் மே இரண்டு டிலேக்களை (ஒலியைத் தாமதித்து எதிரொலியாகத் தரும் கருவி) வைத்து, ஒவ்வொன்றையும் தனி ஆம்புக்கு அனுப்பித் தனக்குத்தானே ஹார்மனி சேர்ப்பார். நமக்கு ஒரு டிலே பெடல் போதும். நேரம் 800 மில்லிவினாடி, எதிரொலியின் அளவு கிட்டத்தட்ட மூல ஒலிக்குச் சமம், ஃபீட்பேக் இரண்டு முறை மட்டும் திரும்பும்படி.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 75 தட்டில் ஓடவிடுங்கள், ஒரு தட்டு சரியாக 800 மில்லிவினாடி. முதல் தட்டில் ஜி, இரண்டாவதில் பி, மூன்றாவதில் டி. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ச, க, ப (அந்தர காந்தாரம்). மூன்றாவது தட்டில் முந்தைய இரண்டு ஸ்வரங்களும் எதிரொலியாகத் திரும்பி வந்து ஜி மேஜர் கார்டாகச் சேரும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு தட்டுக்குள் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பும். தாளம் நழுவினால் டிலே காட்டிக்கொடுத்துவிடும், அப்போது பெடலைத் திருகாமல் மெட்ரோனோமுக்குத் திரும்புங்கள்.