ஏலக் கணக்குக்கு ஒரு வாசிப்பு நகல்

விசைப்படகுகள் மண்டபம், பாம்பன் கரைகளுக்குத் திரும்பும் காலையில், ஏலத்தொகையைப் பதிவதும் வெளியூர் வியாபாரிகள் விலை பார்ப்பதும் ஒரே தரவுத்தளத்தில் நடந்தால், பதிவுதான் முதலில் திணறும். பார்ப்பவர்களை வாசிப்பு நகலுக்கு, அதாவது மூலத் தரவுத்தளத்தின் மாற்றங்களைத் தொடர்ந்து பெற்றுக்கொள்ளும், படிக்க மட்டுமேயான பிரதிக்குத் திருப்பிவிடுவதே வழி.

அமேசானின் இணையவழித் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள், தானியங்கி பேக்கப் வைத்திருக்கும் நாட்கள் 0 என்றிருந்தால் அதை முதலில் உயர்த்த வேண்டும். இல்லையேல் நகல் உருவாகாது. இம்மாற்றம் தரவுத்தளத்தைச் சற்று நேரம் நிறுத்திவிடும் என்பதால், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் செய்வது நல்லது.

பிறகு, தரவுத்தளத்தைத் தேர்ந்து, ‘ஆக்‌ஷன்ஸ்’ பட்டியலில் ‘கிரியேட் ரீட் ரெப்ளிகா’வைச் சொடுக்குங்கள். நகலுக்கும் மூலத்தளம் இருக்கும் மும்பை வட்டாரமே (அமேசானின் தரவு மையங்கள் உள்ள பகுதி) போதும். வேறு வட்டாரம் என்றால் தரவுப் பரிமாற்றத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு.

நகலுக்குத் தனி முகவரி கிடைக்கும். வாசிப்பு வினவல்களை அங்கே அனுப்புவது நம் செயலியின் வேலை, தானாகப் பிரியாது. நகல் சற்றுப் பின்தங்கியே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. நண்டு கிலோ 480 ரூபாய் என்று கணக்குப்பிள்ளை பதிந்த மறுநொடியே நகலில் தேடினால் பழைய விலையே தெரியக்கூடும். நான் ஒருமுறை அப்படிப் பார்த்து, பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடியும் பதிந்து, ஒரு கூடைக்கு இரண்டு ரசீது போட்டிருக்கிறேன். எனவே, பதிந்தவருக்கு மூலத்தளத்திலிருந்தே காட்டுங்கள். தாமதத்தை அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சின் ‘ரெப்ளிகா லேக்’ அளவு நொடிக்கணக்கில் சொல்லும். மூலத்தில் தவறி அழித்த பதிவு நகலிலும் அழியுமாதலால், பேக்கப்பை நிறுத்திவிடாதீர்கள்.